வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

நீலகிரியில் பழைய அமெரிக்க கார் ஒன்று விலைக்கு வருகிறது என்றால், பார்க்க வருகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன். குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டு, நாற்பது வருடங்களுக்கு மேல் இதே தொழிலில் இருக்கிறேன். செவர்லே, டாட்ஜ், பிளைமவுத், வில்லிஸ் ஜீப் என்று கைபட்ட வண்டிகள் நிறைய. விற்கவும் வாங்கவும் நடுவில் நின்று யோசனை சொன்னதும் உண்டு. நன்றாக வைத்திருந்த வண்டி எது என்பதை மலையில் பெயிண்ட் சொல்லாது, அடிப்பாகம்தான் சொல்லும்.

இந்த வண்டிகள் இங்கே எப்படி வந்தன என்பதை என் மேஸ்திரி வேலைக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருப்பார். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சிவ்ரியில் ஆலை போட்டு, பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து செவர்லேக்களைப் பூட்டியது. ஃபோர்டும் பம்பாய், கல்கத்தா, சென்னையில் அதே வேலையைச் செய்தது. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நாற்பதுகளின் கடைசியில் குர்லாவில் கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யாமல் வெறுமனே பூட்டி விற்கிறவர்கள் கடையைக் கட்ட வேண்டும் என்று 1953இல் அரசு முடிவெடுத்தது. அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டுப் போய்விட்டன. எங்கள் மலையில் மிஞ்சியிருக்கும் அமெரிக்க கார்களில் பெரும்பாலானவை அதற்கு முன்னால் வந்தவைதான். எல்லாம் வலதுபக்க ஸ்டீரிங்.

அதனால்தான் இளைஞர்கள் வந்து, "அண்ணே, ஊட்டியில பழைய மஸ்டாங், சேலஞ்சர் எதாவது விலைக்கு வருமா?" என்று கேட்கும்போது, வரலாற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கேட்கும் பெரிய வி-8 இன்ஜின் கார்கள் அமெரிக்காவில் ஓடிய காலம் 1964லிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரைதான். போன்டியாக் ஜி.டி.ஓ.வும் மஸ்டாங்கும் 1964இல் வந்தன. டாட்ஜ் சார்ஜர் 1966, சேலஞ்சர் 1970. அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் இறக்குமதிக் கதவு ஏறக்குறைய சாத்தியே கிடந்தது. தூதரகங்கள் வரவழைத்து, பிறகு ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக விற்ற வண்டிகள், வெளிநாட்டில் வேலை முடிந்து திரும்பியவர்கள் கூடவே கொண்டுவந்த வண்டிகள் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் வந்தன. ஃபோர்டு கம்பெனி மஸ்டாங்கை முறைப்படி இந்தியாவில் விற்க ஆரம்பித்தது 2016இல்தான்.

நான் சேர்ந்த சமயம் எழுபதுகளின் இறுதி. வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிப் போய், எஸ்டேட்டுகள் கைமாறி முடிந்திருந்த நேரம். பங்களா ஷெட்டுகளில் நின்ற கார்களும் கைமாறின. கடைவீதிக்குப் போக மோரிஸ், ஆஸ்டின் மாதிரி சின்ன இங்கிலீஷ் கார். எஸ்டேட் ரோட்டில் ஆளும் சாமானும் ஏற்றிப் போக அமெரிக்க கார். கல்லும் பள்ளமுமான பாதையில் அடி தட்டாது, இழுவை தாராளம்.

எனக்கு முதலில் கிடைத்த வேலை ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது. அமெரிக்க வண்டிக்கு இஞ்ச் கணக்கு ஸ்பேனர். பழைய மோரிஸுக்கு விட்வொர்த் அளவும் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை நுழைத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும். இன்றைக்கும் விலைக்கு வரும் வண்டியில் நட்டுகளின் முனையைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். ஆறு பக்கமும் கூராக இருந்தால், தெரிந்த கைகள்தான் அந்த வண்டியைத் தொட்டிருக்கின்றன.

மேஸ்திரியிடம் நான் கற்ற பெரிய பாடம் ஒரு செவர்லே இன்ஜினைப் பிரித்தபோது கிடைத்தது. 1950 வாக்கில் வந்த செவர்லேயில் ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இன்ஜின். கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு இப்போதுபோல மாற்றிப் போடும் ஷெல் கிடையாது. ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி, கடைந்து, சுரண்டிச் சேர்க்க வேண்டும். ஆயில் அழுத்தமும் குறைவு. ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு மூக்கு இருக்கும். அது தொட்டியில் உள்ள ஆயிலை அள்ளிக்கொள்ளும். ஆயில் மீட்டரில் முள் தாழ்ந்தே நிற்பதைப் பார்த்து, இன்ஜின் போய்விட்டது என்று விலையை அடித்துப் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இன்ஜினுக்கு அதுதான் இயல்பு. மேஸ்திரி மீட்டரை நம்ப மாட்டார். லேசான மேட்டில் வண்டியை ஏற்றி, உச்சிக்கு வந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைப் பாதி எடுப்பார். பேரிங் தேய்ந்திருந்தால் அந்த நொடியில் 'டக் டக்' என்று தட்டும். பேரிங் மூடிக்கு நடுவே வைத்திருக்கும் மெல்லிய ஷிம் தகட்டில் ஒன்றை உருவிவிட்டு இறுக்கினால் சத்தம் அடங்கும். உருவ ஷிம்மே மிச்சமில்லை என்றால் ஒயிட் மெட்டல் ஊற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. விலை பேசும்போது இதைத்தான் கேட்க வேண்டும்.

எண்பதுகளில் இந்தக் கார்களுக்கு மதிப்பே இல்லாமல் போனது. 1973, 1979 என்று இரண்டு முறை உலகத்தில் எண்ணெய் விலை ஏறியபின், பெட்ரோலை இப்படிக் குடிக்கும் வண்டியை யார் வைத்துக்கொள்வார்கள்? சிலர் இன்ஜினைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் டீசலோ மேட்டடார் டீசலோ பூட்டி டாக்ஸி ஓட்டினார்கள். மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் காயலாங்கடைகளுக்கு எடைக்குப் போன வண்டிகளும் உண்டு. நல்ல ஓட்டத்தில் இருந்த பிளைமவுத் ஒன்றை லாரியில் ஏற்றிக் கீழே அனுப்பியதை நின்று பார்த்தேன். கிரில்லையும் ஹெட்லைட் வளையத்தையும் மட்டும் மேஸ்திரி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். வெகுகாலம் கழித்து அதே வளையம் வேறொரு பிளைமவுத்துக்குப் பொருந்தியது.

அந்தக் கெட்ட காலத்திலும் ஒரு வண்டி தப்பித்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் டாட்ஜ் கிங்ஸ்வே ஒன்று இருந்தது. முதலாளிக்கு அதில் அக்கறை இல்லை. வயதான டிரைவர் அண்ணன்தான் அதை வைத்துக் காப்பாற்றினார். வாரம் தவறாமல் வெளியே எடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டுத்தான் ஷெட்டில் விடுவார். பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும் என்பார். மழைக்காலத்தில் ஷெட்டின் இரண்டு பக்கக் கதவையும் பகலில் திறந்து வைப்பார். எலி ஒயரைக் கடிக்காமல் இருக்க, தேயிலைச் செடிக்கும் ஷெட்டுக்கும் நடுவே தரையைச் சுத்தமாக வைத்திருப்பார். ஒரு கணக்கு நோட்டு போட்டு ஆயில் மாற்றிய தேதி, கிரீஸ் அடித்த தேதி, பிரேக் ஆயில் மாற்றிய தேதி எல்லாம் எழுதியிருந்தார்.

"பிரேக் ஆயிலை வருசா வருசம் மாத்தணும் தம்பி. இந்த மலையில மூச்சு விட்டாலே ஈரம். அந்த ஈரத்தை அது குடிச்சுக்கும்" என்பார்.

அவர் சொன்னதன் அருமை இந்த வேலையில் நாளாக நாளாகத்தான் விளங்கியது. ஈரம் குடித்த பிரேக் ஆயில் வீல் சிலிண்டருக்குள் துருவை உண்டாக்கும். டாட்ஜில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் சிலிண்டர். ஒன்று பிடித்துக்கொண்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இருக்காது, கியர் பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும். கியர் பாக்ஸ் ஆயில் ஒழுகி அதன்மேல் பட்டால் ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டியாகிவிடும். மேட்டில் நிறுத்திப் பார்த்தால் உடனே தெரியும். இங்கே மேட்டுக்குப் பஞ்சமில்லை.

கீழேயிருந்து வாங்க வருகிறவர்கள் குழம்பிப்போகும் இடம் கார்பரேட்டர். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். உயரத்தில் காற்று லேசாகிவிடுவதால் ஊட்டியில் இன்ஜின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சமவெளிக்கு டியூன் செய்த வண்டி மேலே வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய்க் கரும்புகை விடும். பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு, "இன்ஜின் ரீபோர் பண்ணணும்" என்று சொல்லும் புரோக்கர்கள் உண்டு. ரீபோர் கேட்கும் இன்ஜின் நீலப்புகை விடும், பிளக்கில் பிசுபிசுவென்று ஆயில் இருக்கும். காய்ந்த கரி என்றால் கார்பரேட்டர் விஷயம்.

இதற்கு நேர்மாறாக நடப்பதுதான் ஆபத்து. ஊட்டியிலேயே பல வருடம் ஓடி, சின்ன ஜெட் போட்டு டியூன் ஆன வண்டியை ஒருவர் வாங்கி, அப்படியே கோயம்புத்தூர் வெயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதிக்கும், வால்வு கருகும். மலையில் விற்ற வண்டியோடு பழைய ஜெட்டையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவது எங்கள் பட்டறை வழக்கம். வாங்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மஸ்டாங் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். அறுபதுகளின் நடுவில் வந்த மாடல், 4.7 லிட்டர் வி-8, ஆட்டோமேட்டிக் கியர், இடதுபக்க ஸ்டீரிங். தூதரகம் ஒன்றின் வழியாக இந்தியாவுக்கு வந்து, கைமாறிக் கைமாறி வந்த வண்டி. வாங்க நினைத்தவர் குன்னூரில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். இன்ஜின் அருமையாக இருந்தது. ஐட்லிங்கில் நிற்கும்போது வண்டி லேசாக ஒரு பக்கம் ஆடி ஆடி உறுமும். அந்தச் சத்தத்துக்காகவே காசு கொடுப்பவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்த வருடத்து மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். இதில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். நேரான அகலமான ரோட்டுக்காகச் செய்த வண்டி.

மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கும்போது கியரை 'டி'யில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டினார்கள். பர்லியாருக்கு வருவதற்குள் சக்கரத்திலிருந்து புகை. பெடல் கெட்டியாகவே இருந்தது, வண்டி மட்டும் நிற்கவில்லை. லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. பின்னால் ஜீப்பில் வந்த நான் ஹாரன் அடித்து, கையால் சைகை காட்டி, கியரை 'லோ'வில் இழுக்கச் சொன்னேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது, வண்டி ஓரம் கட்டி நின்றது. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது இந்த மலையின் முதல் விதி. பர்லியார் பழக்கடைகளுக்கு எதிரே ஒரு மணி நேரம் ஆறவைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். சக்கரத்தின்மேல் தண்ணீர் ஊற்றப்போன ஒருவரை நான் தடுத்துவிட்டேன். சூட்டோடு ஊற்றினால் டிரம் விரிசல் விடும்.

அவர் வண்டியை வாங்கினார். நான் சொன்னபடி இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டுக்கொண்டார். கம்பெனி கொடுத்தபடியே இருந்தால்தான் மதிப்பு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கண்காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு அது சரி. மலையில் ஓடும் வண்டியில் பிரேக்கை மேம்படுத்துவது கடமை. கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதிகம். மழை விட்டால் மூடுபனி. ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் துரு வரும். இருபது வருடமாகப் பழைய கார்களுக்கு விலை ஏறியதும், நகரங்களிலிருந்து பட்டி தடவி, பெயிண்ட் அடித்து, குரோமியம் பூசிய வண்டிகள் மேலே வர ஆரம்பித்தன. அப்படி ஒரு செவர்லேயைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கண்ணாடி மாதிரி மின்னியது. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்து மட்கார்டின் கீழ் விளிம்பில் வைத்தேன், நழுவி விழுந்தது. கதவின் அடிப்பக்கத்தில் வைத்தேன், அங்கேயும் ஒட்டவில்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் விரல் கனத்துக்குப் பட்டி. அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு கணீர் என்று சொல்லும், துருப்பிடித்தது பொத்தென்று கேட்கும். டிரைவர் சீட்டுக்குக் கீழே பொத், டிக்கித் தரையில் பொத். வாங்க வந்தவர் என்னோடு சேர்ந்து தட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் எழுந்து கை துடைத்துக்கொண்டார்.

காகிதம் இன்னொரு அடிப்பாகம். டீசல் இன்ஜின் பூட்டிய காலத்தில் ஆர்.சி. புக்கில் பதியாமல் விட்டவர்கள் நிறைய. பிறகு பழைய பெட்ரோல் இன்ஜின் எங்கிருந்தோ வந்து திரும்ப ஏறியிருக்கும். புக்கில் ஒரு நம்பர், இன்ஜின் பிளாக்கில் ஒரு நம்பர். 2021இல் மத்திய அரசு ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 'வி.ஏ.' எழுத்து உள்ள நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது. ஆகையால் வாங்குகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போக வண்டி வேண்டுமா, ராலிக்கும் கண்காட்சிக்கும் வண்டி வேண்டுமா என்பதைத்தான். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் அழுக்குத் துடைத்துக் கண்ணால் படித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000இல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது, பழைய வால்வு சீட்டுகள் தேய்கின்றன என்ற பயம் வந்தது. கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் கெட்டியான சீட் கடைந்து போட்டுச் சமாளித்தோம். கோயம்புத்தூரை அடிவாரத்தில் வைத்திருப்பது எங்களுக்கு வரம். பிஸ்டன், புஷ், கிங் பின் என்று மாதிரி கொடுத்தால் செய்து தருகிற கைகள் அங்கே இருக்கின்றன. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் அதில் ஊறி இளகுகின்றன. மாதக்கணக்கில் நின்ற டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்குகிறது. விலைக்கு வரும் வண்டியில் புது வகை ஹோஸ் மாற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பதும் இப்போது என் வேலையில் சேர்ந்துவிட்டது.

கோத்தகிரி டாட்ஜ் கடைசியில் விலைக்கு வந்தது. டிரைவர் அண்ணன் காலமாகிச் சில வருடம் கழித்து, பங்களாக்காரரின் மகன் என்னைக் கூப்பிட்டார். "என்ன விலை சொல்லலாம்?" என்றார். "முதலில் குறைகளை எழுதுங்கள்" என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். பின் கண்ணாடி ரப்பர் வெடித்திருக்கிறது, இரண்டாவது கியர் குளிரில் முனகும், இடது ரன்னிங் போர்டில் துரு ஆரம்பித்திருக்கிறது, பேட்டரிக்குப் பாசிட்டிவ் எர்த், மாற்றிக் கொடுத்தால் டைனமோ போய்விடும். அந்தத் தாளையும் டிரைவர் அண்ணனின் நோட்டையும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினோம். சிலர் தாளைப் பார்த்துத் தயங்கிப் போனார்கள். ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு சாக்கைக் கேட்டு வாங்கி அவரே அடியில் படுத்தார். சொன்ன விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாரம் ஒருமுறை சூடேறும்வரை ஓட்டுங்கள். பிரேக் ஆயிலை வருடா வருடம் மாற்றுங்கள். செய்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். விற்கும்போது அந்த நோட்டையும் குறைகளின் பட்டியலையும் சாவியோடு கொடுங்கள். வாங்குகிறவர்கள் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள், மேட்டில் நிறுத்திப் பாருங்கள், வெள்ளைச் சட்டை அழுக்காகும் என்று பார்க்காமல் அடியில் படுங்கள். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஐம்பது வருடக் கவனிப்பை எந்தப் பட்டறையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அப்படிக் கவனித்த வண்டிக்கு நியாயமான விலை கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.